பூங்காவில் செவலை ஓடிய ஓட்டம்

1

பூங்கா வாசலில் புதிதாக ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். மலையாளத்தில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம். யார் வீட்டு நாயாக இருந்தாலும் சங்கிலி போட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. ஆனால் அந்தப் பலகை வந்ததற்குக் காரணம் ஒரு தமிழச்சி. நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

கோவில்பட்டியில் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தங்கச்சி எழுதியிருந்தாள். ராமுத்தாய் நாயை ஏவிவிட்டு ஒரு பெரிய மனிதரைக் கடிக்க வைத்துவிட்டாளாம், போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. கிளப்பியவன் இதையும் படிக்கட்டும். நான் யாரையும் ஏவவில்லை. போலீஸ் வரவும் இல்லை. நடந்தது இதுதான்.

2

திருவனந்தபுரத்தில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் எங்கள் இட்லிக்கடை இருக்கிறது. கடை என்றால் நான்கு பெஞ்சு, ஒரு அடுப்பு. என் வீட்டுக்காரர் கொத்தனார். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே தங்கிவிட்டு வாரம் ஒரு முறை வருவார். கடை என் பொறுப்பு. மகள் கோமதி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

விடியற்காலையில் முதல் ஈடு இட்லி கடையில் விற்பதற்கு இல்லை. அதைக் கூடையில் வைத்து, சாம்பார்த் தூக்கைக் கையில் பிடித்து, பூங்காவுக்கு அந்தப் பக்கம் நடக்கிற கட்டட வேலைக்குக் கொண்டுபோவேன். அங்கே நம்ம பக்கத்து ஆட்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் என்று எல்லா ஊரும் உண்டு. அவர்கள் வேலைக்கு ஏறுமுன் நான் போய்ச் சேர வேண்டும்.

பூங்கா வழியே போனால் கிட்டம். சுற்றிப் போனால் பஸ் ஸ்டாண்டு. அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் தனியாக நடந்தால் என்னென்ன பேச்சு வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒருநாள் ஒருவன் கூடையைப் பிடித்து இழுத்தான். கரண்டியால் அவன் மணிக்கட்டில் போட்டேன். ஆனால் தினமும் கரண்டியைத் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அதனால்தான் செவலை வந்தது. என் தம்பி வளர்த்த சிப்பிப்பாறை நாய். அவன் பம்பாய்க்கு வேலைக்குக் கிளம்பியபோது நாயை என்ன செய்வது என்று முழித்தான். இங்கே சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்கு மிளகாய் வற்றல் கொண்டுவருகிற லாரியில் ஏற்றி அனுப்பு என்று சொன்னேன். வழியெல்லாம் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே வந்ததாக டிரைவர் சொன்னார். இறங்கியதும் என் காலை முகர்ந்தது. அப்புறம் என்னை விட்டு அகலவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பயலும் கூடையைத் தொடவில்லை. செவலை குரைக்காது. சும்மா என் இடது பக்கம் நடந்து வரும். ஒட்டிய வயிறு, நீண்ட கால், கம்பி மாதிரி வால். பார்க்கிறவன் ஒதுங்கிப் போவான். அதற்குச் சங்கிலி தேவைப்படவில்லை. எங்கள் அய்யா காலத்திலும் வீட்டில் சங்கிலி இருந்தது கிடையாது.

3

பூங்காவில் காலையில் பெரிய மனிதர்கள் நடக்க வருவார்கள். அதில் ஒருவர் தங்கப்பன் சார். எஞ்சினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஒரு நாய். வெள்ளை வெளேர் என்று, முறம் அகலத்துக்கு முடி. பெயர் லில்லி. வாசலில் நுழைந்ததும் அதை அவிழ்த்துவிட்டு அவர் கைவீசி நடப்பார்.

லில்லிக்கு ஒரு பழக்கம் உண்டு. வேட்டி கட்டினவரை, ஷூ போட்டவரை ஒன்றும் செய்யாது. தலையில் சுமை வைத்து வருகிறவர்களைக் கண்டால் போதும், பின்னால் வந்து கணுக்காலைக் கவ்வும். பால்காரிக்கு விழுந்திருக்கிறது. பூங்கா கூட்டுகிற அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. எனக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. தலையில் கூடை, கையில் கொதிக்கிற சாம்பார், குனியவும் முடியாது, உதறவும் முடியாது.

"சார், உங்க நாயப் பிடிங்க சார்!" என்று கத்துவேன்.

அவர் தூரத்திலிருந்தே சிரிப்பார். "பேடிக்கண்டா, அது ஒண்ணும் செய்யூல்லா!"

பயப்பட வேண்டாமாம், அது ஒன்றும் செய்யாதாம். பல் பதிந்தது என் காலில். ஒன்றும் செய்யாது என்று சொல்வது அவர்.

செவலை வந்த பிறகு லில்லி என் பக்கம் வரவில்லை. அதுதான் சாருக்குப் பொறுக்கவில்லை போல. ஒருநாள் பூங்கா வாச்சர் வந்து நின்றார். என்னிடம் கடன் சொல்லி இட்லி தின்கிற மனிதர்தான்.

"அக்கா, இனி பட்டியெ கெட்டாதெ கொண்டுவரருது. சார் பராதி பறஞ்ஞு." நாயைக் கட்டாமல் கொண்டுவரக் கூடாதாம், சார் புகார் சொன்னாராம்.

"அவரு நாயக் கட்டச் சொன்னீங்களா?"

"அது வீட்டுப்பட்டி அல்லே அக்கா? சின்னது."

"இது என்ன, காட்டுப்பட்டியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "இது... பாண்டிப்பட்டி அல்லே?"

நம்ம ஆட்களை இங்கே பாண்டி என்பார்கள். ஆசையாகச் சொல்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் ஆசையாக இல்லை. இப்போது நாய்க்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

4

இங்கே நாய்க்குப் பட்டி என்று பெயர். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். நான் கோவில்பட்டிக்காரி என்று சொன்னால் சிரிக்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. ரேஷன் கார்டு வாங்கப் போனபோது சிரித்தார்கள். கோமதியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சிரித்தார்கள். கார்ப்பரேஷனில் நாய்க்கு லைசென்ஸ் டோக்கன் கேட்டுப் போனபோது கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டே சிரித்தார். "கோவில்பட்டியில் நிந்நு ஒரு பட்டி!" கோவில்பட்டியிலிருந்து ஒரு நாயாம். பக்கத்து மேஜைக்கும் சொன்னார். அங்கேயும் சிரிப்பு.

சிரித்து முடித்துவிட்டுக் கொடுத்திருந்தால் பரவாயில்லை. ஊசி போட்ட சீட்டு கொண்டுவா என்றார். மாட்டாஸ்பத்திரிக்குப் போனால், எந்த வீட்டு நாய் என்று கார்ப்பரேஷன் சீட்டு கொண்டுவா என்றார்கள். இரண்டு இடத்துக்கும் நடந்து என் செருப்பு தேய்ந்தது. டோக்கன் வரவில்லை. கழுத்தில் டோக்கன் இல்லாத நாயைக் கார்ப்பரேஷன் வண்டிக்காரன் இடுக்கியால் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிடலாம். சட்டம் அப்படி.

கோமதி என்னோடு வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். அவள் மலையாளத்தில் தண்ணீர் மாதிரிப் பேசுவாள். எழுதுவாள். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் இதை எழுதி முடித்ததும் அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கூப்பிட்டேன், வரவில்லை.

"அம்மா, எனக்கு நாணக்கேடா இருக்கு. ஆபீஸ்ல நீ ஒச்சை வைப்ப. ஆள்க்காரு நோக்கும்."

"ஏட்டி, சத்தம் போடாம இங்க எது நடக்கு?"

"ஒச்சை வச்சும் ஒண்ணும் நடக்கேல்லல்ல?"

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைக்கவில்லை.

5

வாச்சர் மறுபடியும் சொன்னார். கட்டிக் கொண்டுவராவிட்டால் நாளை முதல் உள்ளே விடமாட்டேன் என்று. எனக்குக் கோபம். சங்கிலி வாங்க மனசில்லை. கையில் கிடைத்த ஈரிழைத் துண்டை முறுக்கி, செவலையின் கழுத்தைச் சுற்றிக் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கட்டு என்றார்கள், கட்டிவிட்டேன் அல்லவா?

கரிசல் காட்டில் முயல் வேட்டை பார்த்தவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சிப்பிப்பாறை நாயை வேட்டைக்குக் கொண்டுபோகும்போது முடிச்சுப் போட்டுக் கட்டுவதில்லை. துண்டைக் கழுத்தில் கொடுத்து இரு முனையையும் கையில் பிடிப்பார்கள். முயல் கிளம்பியதும் ஒரு முனையை விட்டால் துண்டு உருவிக்கொள்ளும். நாய் பாயும். சும்மா நடக்கிற நாய்க்குக் கழுத்தில் ஒன்றும் இருக்காது. துண்டு விழுந்தால் வேட்டை என்று அதற்குத் தெரியும். துண்டு உருவினால் போ என்று அதற்குத் தெரியும். என் தம்பி செவலையைக் குட்டியிலிருந்து அப்படித்தான் பழக்கியிருந்தான்.

இது எனக்கும் தெரியும். எங்கள் அய்யா பின்னால் காட்டில் ஓடியவள்தான் நான். ஆனால் திருவனந்தபுரத்துப் பூங்காவில், கூடையைச் சுமந்துகொண்டு, யாருக்கு முயல் ஞாபகம் வரும்? செவலைக்கு வந்தது. எங்கள் சந்து தாண்டும்போதே அதன் உடம்பு மாறிவிட்டது. காது விறைத்தது. என் பக்கம் பார்க்கவே இல்லை. முன்னால் பார்த்தது.

நாய் கட்டிக் கிடக்கிறது என்று லில்லிக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். நேராகப் பின்னால் வந்து என் காலைக் கவ்வியது. நான் துள்ளினேன். துண்டின் ஒரு முனை கையை விட்டுப் போனது.

அவ்வளவுதான்.

லில்லி ஓடியது. வெள்ளையாக, குட்டையாக, எம்பி எம்பி. பார்ப்பதற்கு முயலேதான். புல்தரையைக் குறுக்கே அறுத்துச் சென்றது. செவலை புறப்பட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது பாதித் தரையைத் தாண்டியிருந்தது. நான்கு காலும் ஒன்றாகச் சேரும், வில் மாதிரி வளையும், நீளும். மண்ணில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. நடந்துகொண்டிருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். மண்டபத்தைச் சுற்றி ஒரு வட்டம், குரோட்டன்ஸ் பாத்தியைத் தாண்டி ஒரு பாய்ச்சல். வருஷக்கணக்கில் இட்லிக்கடைச் சந்தில் படுத்துக் கிடந்த நாய் அது. அந்த ஓட்டத்தைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிடித்துவிட்டது. முயலைக் கிழிக்கிற நாய்க்கு எங்கள் வீட்டில் கறி கிடையாது, அதனால் அது கிழிக்கவில்லை. முதுகைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வந்து, என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. லில்லி எச்சிலில் நனைந்து வீல் வீல் என்று கத்தியது. ஒரு காது நுனியில் கீறல்.

என் வாயிலிருந்து வந்த சொல்: "சபாஷ்லே!"

தானாக வந்தது. நாய் முயலைக் காலடியில் போட்டால் அந்தச் சொல்தான் வரும். எங்கள் அய்யா வாயில் வந்தது, என் தம்பி வாயில் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கப்பன் சார் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்தார்.

6

அன்று மத்தியானம் கார்ப்பரேஷன் வண்டி வந்தது. சந்துக்குள் இடுக்கியோடு இரண்டு பேர். செவலையின் கழுத்தில் டோக்கன் இல்லை. கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் காலையில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் விசாரிப்பார், ஆபீசுக்கு வா என்றார்கள்.

கடைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனை. நாய் உன்னுடையது இல்லை என்று சொல்லிவிடு. எச்சில் இலைக்கு வந்த தெருநாய் என்றால் உன்னைக் கேட்க ஒன்றும் இல்லை. உன் நாய் என்றால், சாப்பாட்டுக் கடையில் லைசென்ஸ் இல்லாத நாய் வளர்த்தாய் என்று கடையையே இழுத்து மூடுவார்கள். தங்கப்பன் சாருக்கு ஆபீசில் எல்லாரையும் தெரியும். என் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "நாய் போனா இன்னொரு நாய், ராமு. கடை போனா எங்க போவோம்?" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த அடுப்பை நம்பித்தான் கோமதி படிக்கிறாள்.

மறுநாள் கோமதி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல், யூனிபார்ம் போட்டுக்கொண்டு என்னோடு ஆபீசுக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. களைத்த மனிதர். தங்கப்பன் சார் நாற்காலியில் இருந்தார். நாங்கள் நின்றோம்.

"இவள் மனப்பூர்வம் பட்டியெ விட்டதாணு," என்றார் சார். "என்னிட்டு சபாஷ் பறஞ்ஞு!" வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டேனாம், விட்டுவிட்டு சபாஷும் சொன்னேனாம்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "சபாஷ் பறஞ்ஞோ?"

"சொன்னேன்," என்றேன்.

பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கோமதியைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டது. "மோளே, அம்மையோடு பற. தெருவுபட்டி எந்நு பறஞ்ஞால் மதி. கேஸ் தீர்ந்நு. கடைக்கும் பிரச்சினை இல்லை." தெருநாய் என்று நான் சொன்னால் போதுமாம்.

கோமதி என்னிடம் வந்து நின்றாள். "அம்மா, கேட்டல்ல? என்ன சொல்லணும்?"

எனக்கு அடுப்பு தெரிந்தது. பெஞ்சு தெரிந்தது. வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. அதோடு, கம்பிக்குப் பின்னால் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற நாயும் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் எவனும் என்னைத் தொடாமல் காத்த நாய். அதைப் போய் எச்சில் இலைக்கு வந்தது என்று என் வாயால் சொல்வதா?

"என் நாய்னு சொல்லு. என் பேரை எழுதச் சொல்லு."

அவள் திரும்பினாள். என் சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் போதும். அவள் அதோடு நிற்கவில்லை.

"ஞங்ஙளுடெ பட்டியாணு சாறே. செவலை எந்நு பேரு. லைசென்சினு அம்மா வந்நப்போ இவிடெ உள்ளவர் சிரிச்சு விட்டு." நாய் எங்களுடையது, லைசென்ஸ் கேட்டு அம்மா வந்தபோது சிரித்து அனுப்பினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே சொன்னாள். அப்புறம் தங்கப்பன் சார் பக்கம் திரும்பினாள். "சாறின்றெ பட்டிக்கு டோக்கன் உண்டோ?"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அது தோன்றவில்லை. சத்தமாகப் பேசினாள். ஆபீசில் எல்லாரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அவள் கூசவில்லை.

இன்ஸ்பெக்டர் சாரைப் பார்த்தார். "உண்டோ சாறே?"

"அது... வீட்டுக்குள்ள வளர்த்துந்நதல்லே?" சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒண்ணும் செய்யூல்லா."

நான் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினேன். பழைய தழும்பு, புதுக் காயம் எல்லாம் இருந்தது. என் காலை ஆபீசில் காட்டுவது கவுரவக் குறைச்சல் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

இன்ஸ்பெக்டர் தீர்ப்பு மாதிரிச் சொன்னார். இரண்டு நாய்க்கும் ஊசி, இரண்டுக்கும் டோக்கன், இரண்டு பேருக்கும் அபராதம். இனிமேல் பூங்காவில் எந்த நாயும் சங்கிலி இல்லாமல் வரக்கூடாது. வாசலில் பலகை வைக்கிறேன் என்றார். கடையைப் பார்க்கவும் வருவேன் என்றார். வந்தார். சாக்கடைக்கு மூடி போடச் சொன்னார். போட்டுவிட்டேன். கடை நடக்கிறது.

வெளியே வந்ததும் கோமதி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் ஓவரா பேசிட்டேனா?" என்றாள். "இன்னும் ரெண்டு பேசியிருக்கலாம்," என்றேன். இந்தப் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டதே என்று நான் ஊருக்கு எழுதாத கடிதம் இல்லை. போனது போகட்டும். அன்றைக்கு எந்தப் பாஷையில் பேச வேண்டுமோ அந்தப் பாஷையில் பேசினாள். பேசியது என் மகள்.

7

டோக்கன் தயாரான அன்று செவலையை மீட்க, சாலைக் கம்போளத்தில் ஒரு சங்கிலி வாங்கிக்கொண்டு நானும் கோமதியும் போனோம். ஆபீசுக்குப் பின்னால்தான் நாய்க் கொட்டடி. கொட்டடிக்காரன் கதவைத் திறக்கப் பயந்தான். "இது குரைக்கில்லா அக்கா, தின்னில்லா. சும்மா நோக்கி நில்க்கும்," என்றான். நான் கூப்பிட்டேன். வந்தது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகியிருந்தது. கழுத்தில் டோக்கனைக் கட்டி, சங்கிலியை மாட்டினேன்.

ரோட்டுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டது. இழுத்தேன், வரவில்லை. பிறந்ததிலிருந்து சங்கிலி அறியாத நாய். கழுத்தைத் திருப்பி அந்த இரும்பை முகர்ந்து பார்த்தது, என்னைப் பார்த்தது. எனக்குச் சங்கிலியைச் சாக்கடையில் வீசிவிடலாம் என்று வந்தது. ஆபீஸ் ஜன்னலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். வீசவில்லை.

அப்போதுதான் தங்கப்பன் சார் டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். லில்லிக்கும் புதுச் சங்கிலி. அதுவும் படியிறங்கியதும் நடுரோட்டில் படுத்துவிட்டது. சார் இழுத்தார். அது நான்கு காலையும் பரப்பிக்கொண்டு ஊளையிட்டது. ஆட்டோக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான்.

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நடக்கில்லா," என்றார்.

"இதுவும்தான்," என்றேன்.

அவரவர் நாய்க்குப் பக்கத்தில் வெயிலில் நின்றோம். சார் குனிந்து கெஞ்சினார், பிஸ்கட் காட்டினார். நான் கெஞ்சவில்லை. கோமதி செவலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள், அவ்வளவுதான். சங்கிலியை நான் தளர்த்தியே பிடித்திருந்தேன்.

செவலைதான் முதலில் எழுந்தது. உடம்பை ஒரு தரம் உதறிக்கொண்டு, என் இடது பக்கம் வந்து நின்று, நட என்கிற மாதிரி முன்னால் பார்த்தது. நடந்தோம்.

ஊரில் யாராவது இந்தக் கதையைச் சொன்னால், இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.